நாற்பத்திரண்டு நாள் ஊசியும் ஒரு குறிப்பேடும்

ஒரே கேள்வியைப் பலரிடம் கேட்டு, விடைகள் எங்கே மாறுகின்றன என்று குறித்துவைப்பதே வாய்மொழிப் பாடல் தொகுப்பவனின் தொழில். கட்டிலில் விழுந்தாலும் தொழில்புத்தி விடாது என்பதை, மருத்துவமனையில் கிடந்து எழுந்த எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

ஓரக் குறிப்பு

1987, இடஒதுக்கீட்டுப் போராட்டக் காலம். கல்வராயன் மலையில் நடவுப் பாட்டுகளைத் தொகுத்துக்கொண்டிருந்த எனக்கு இரண்டு மாதமாகக் காய்ச்சல்; நானே வாங்கி விழுங்கிய மாத்திரையில் தணியும், பின்னர் திரும்பும். பாடியவர் பெயர், ஊர், நேரத்தோடு 'இன்று குளிர்நடுக்கம்' என்பதையும் ஓரத்தில் எழுதிவந்தேன். கள்ளக்குறிச்சி மருத்துவர் மார்பில் குழல் வைத்துக் கேட்டார், குறிப்பேட்டைப் புரட்டினார், இரத்தம் எடுத்தார். இதய வால்வில் கிருமி. அவர் சொன்னார்:

“பாட்டு ஒண்ணும் புரியலீங்க. ஓரத்துல எழுதினதுதான் வியாதிய காட்டிக் குடுத்துச்சு.”

மூன்று விடைகள்

என் நுரையீரல் மயக்க மருந்தைத் தாங்காது. ஆகவே அறுவை சிகிச்சை இல்லை. ஆறு வாரம், நான்கு மணி நேரத்துக்கொரு பென்சிலின் ஊசி, ஒன்றுகூடத் தவறாமல். அதுவே மிச்சமிருந்த வழி.

“பிழைப்பேனா?” மருத்துவர், “பாக்கலாம்” என்றார். செவிலியர், “பொழைச்சுடுவீங்க” என்றார். வார்டு ஊழியர் முனுசாமி தலையணையைச் சரிசெய்தார். மூன்றையும் நான் எழுதிக்கொண்டிருந்ததைச் செவிலியர் பார்த்துவிட்டார்.

“இன்னா சார், எல்லார்கிட்டயும் இதையே கேட்டுக்கினு கீறீங்க? கைய நீட்டுங்க, ஊசி நேரம்!”

சாலையில் மரங்கள்

நான்காம் வாரம் போராட்டக்காரர்கள் மறியலுக்காகச் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். எனக்கான மருந்துப் பெட்டி உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்த பேருந்தோடு தியாகதுருகத்தில் நின்றுபோனது. கையிருப்பு இரண்டே ஊசி. முனுசாமி சைக்கிளில் கிளம்பினார். மறியல் செய்தவர்கள் நிறுத்தி விசாரித்தார்கள். விஷயம் தெரிந்ததும் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு மரத்தின் மேலும் சைக்கிளைத் தூக்கிக் கடத்திவிட்டார்கள். கையிருப்பு தீருமுன் பெட்டி வந்துசேர்ந்தது. அவர்களில் ஒருவர் சொன்னதாக முனுசாமி சொன்னது:

“மரம் வண்டிக்குத்தாம்பா போட்டோம், மருந்துக்கு இல்ல. நீ பொட்டிய புடி, சைக்கிள நாங்க தூக்கிக்கினு வரோம்.”

கடைசி ஊசி

நாற்பத்திரண்டாம் நாள் இரத்தத்தில் கிருமி இல்லை. “வால்வு?” என்று கேட்டேன். மருத்துவர் சிரித்தார்.

“கொஞ்சம் ஒழுகும், அதோட வாழலாம். மறுபடி காய்ச்சல் வந்தா நீங்களா மாத்திரை போட்டுக்காதீங்க, நேரா இங்க வாங்க.”

முனுசாமி அந்தப் பயணத்தைச் சொல்லும்போதெல்லாம் அந்த மரங்கள் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று பெருகின. எது மூலபாடம், எது பின்னால் சேர்ந்தது என்று வாழ்க்கையில் நான் ஆராயாமல் விட்ட கதை அது ஒன்றுதான்.