பச்சை விளக்குக்குப் பின்னால்

டைப்பிஸ்ட் அக்காவின் பத்து விரலும் விசைப்பலகையில் ஒன்றாக இறங்கின. பிரிண்டரின் நிலையைக் கேட்டு lpstat -p என்று தட்டியதும் திரையில் ஒரே ஒரு வரி பதில் வந்தது. விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

"பச்சை விளக்கு எரியுது பாருங்கக்கா. சிக்கின காகிதத்தை நானே உருவி எடுத்தேன். மெஷின் நல்லாத்தான் இருக்கு," என்றார் அலுவலக உதவியாளர்.

"மெஷினுக்குக் கோபம் தீந்துடுச்சுண்ணே. கம்ப்யூட்டருக்குத்தான் தீரலை. பிரிண்டரை நிறுத்தி வச்சிருக்கேன்னு சொல்லுது."

வேலைக்குப் போகிறவர்கள் படிக்கும் மாலைப் பள்ளி அது. தட்டச்சு இயந்திரம் போய்ப் பல காலம் ஆகியும், அங்கே அவர் டைப்பிஸ்ட் அக்காதான். ஒருமுறை அலுவலகத்து மவுஸ் செத்துப்போனது. புதியது வருகிற வழியைக் காணோம். அந்த இடைவெளியில், கணினிக்குள்ளேயே இருந்த விளக்கக் குறிப்புகளை ஒவ்வொரு வரியாகப் படித்துக் கட்டளைகளைக் கற்றுக்கொண்டார். மவுஸ் வந்த பிறகும் அது மேசை ஓரத்தில் சும்மாதான் கிடந்தது. கேட்டால் பதில் சொல்கிற கணினியை எதற்கு மவுஸால் தட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பார்.

வாசலில், அன்று தேர்வு எழுத வந்த தையல்காரம்மா நின்றிருந்தார். பார்வை மங்கிவிட்டதால் அவருக்கு மட்டும் பெரிய எழுத்தில் கேள்வித்தாள் வேண்டும். தையற்கூடத்தில் மேற்பார்வை வேலை கிடைக்க இந்தக் கணக்குத் தேர்வில் அவர் தேறியாக வேண்டும். மணி அடித்துக் கதவைச் சாத்திவிட்டால் அடுத்த வருடம்தான்.

"நான் வேணா அப்படியே அடுத்த வருஷம் வந்துடவா?" என்றார் அவர்.

"உக்காருங்கம்மா," என்ற கணக்கு சார், அக்கா பக்கம் திரும்பினார். "ஓட விட ஒரே கட்டளைதானேக்கா? போட்டு விடுங்க."

"இருங்க சார். வரிசைல என்னென்ன நிக்குதுன்னு பாத்துடறேன்."

lpq என்று தட்டினார். காகிதம் வராத எரிச்சலில் சார் தம் அறையிலிருந்து மறுபடி மறுபடி அனுப்பிய பெரிய எழுத்துக் கேள்வித்தாளின் பிரதிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது வேறொன்று.

"முதல்ல நிக்கறது என்ன சார்?"

சார் குனிந்து பார்த்தார். முகம் வெளிறியது. "விடைக்குறிப்பு. பேப்பர் திருத்தறதுக்குன்னு மத்தியானம் அனுப்பினேன். வரலைன்னதும் மறந்தே போச்சு."

"இப்ப ஓட விட்டிருந்தா அதுதான் முதல்ல தட்டுல விழுந்திருக்கும். அண்ணன் எடுத்து அப்படியே அம்மா கைல குடுத்திருப்பார்."

"நான் எங்கே படிச்சுப் பாக்கறேன்," என்றார் உதவியாளர்.

"நூத்துக்கு நூறு வாங்கினா என் வீட்டுக்காரரே நம்ப மாட்டார். பாஸ் போதும்," என்றார் தையல்காரம்மா.

அக்கா சிரிக்கவில்லை. அதன் வரிசை எண்ணைச் சரிபார்த்து cancel கொடுத்து விடைக்குறிப்பை நீக்கினார். மிகுதியாக நின்ற பிரதிகளையும் அப்படியே ஒவ்வொன்றாக எடுத்தார். மீண்டும் lpq. ஒன்றே ஒன்று நின்றது. அதன் பெயரை வாய்க்குள் படித்துப் பார்த்த பிறகுதான் பிரிண்டரை ஓட விட cupsenable என்று தட்டினார்.

பிரிண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. சார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்; அதுவரை நின்றுகொண்டிருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

அக்கா தாள்களை அடுக்கி, கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்து, ஓரத்தில் பின் அடித்தார். மணி இன்னும் அடிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார்.

"எழுத்து தெரியுதாம்மா?"

தையல்காரம்மா முதல் கேள்வியைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"தெரியுது," என்று வாங்கிக்கொண்டார்.