மூச்சு அடங்குற வரைக்கும்

அந்த நோர்வூட் ஊர்ல பேசுன சம்பந்தம் கலைஞ்ச கதைய அப்புறம் சொல்றேன் பார்வதி, மொதல்ல இதக் கேளு. எங்க மருமக தெனமும் காலையில வாசப்படியில கண்ண மூடி உக்காந்து, மூச்ச மெதுவா இழுத்து மெதுவா விடுறா. படபடப்பு கொறையணும்னா இத விடாம செய்யணும்னு கிளினிக்கு நர்சம்மா சொன்னாங்களாம். மூச்சு விடவும் பாடமான்னு நான் சிரிச்சேன்.

ஆனா அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு எங்கம்மா நெனப்பு வந்துருச்சு.

தேயிலக் கொழுந்தெடுக்கப் போறவங்க எங்கள ஆயா பாத்துக்குற புள்ளக்காம்பராவுல விட்டுட்டுப் போவாங்கல்ல? கைப்புள்ள தம்பிக்குப் பால் குடுக்க அம்மா மலையிலருந்து ஓடி வருவாங்க. இடுப்புல சுத்துன ஈரப் படங்குச் சாக்கு, கையெல்லாம் பச்சக் கொழுந்து வாசம். எளைக்க எளைக்கப் பால் குடுத்தா புள்ளைக்கு ஆகாதுன்னு, மொதல்ல படியில உக்காந்து மூச்ச அடக்குவாங்க. தம்பி உள்ள கத்துவான். அந்தக் கொஞ்ச நேரம் மடி எனக்கு! நெஞ்சுல காத வச்சுக்குவேன். திபுதிபுன்னு அடிக்கிறது அடங்க அடங்க எனக்கு அழுகையா வரும். அடங்கிட்டா எந்திரிச்சுப் போயிருவாங்களே.

ஒரு நா, "இன்னும் எளைக்குது, உக்காரும்மா"ன்னு பொய் சொன்னேன்.

"அடி கள்ளி"ன்னாங்க. ஆனா எந்திரிக்கல. இன்னொரு மூச்சு நீளமா இழுத்து விட்டாங்க.

இப்ப மருமக உக்காந்தா நானும் போயி ஒட்டி உக்காந்துக்குறேன். "மாமியும் பழகுறீங்களா?"ங்குறா. ஆமான்னுட்டேன். எனக்கு அந்தச் சத்தம் போதும்டி.

ஐயய்யோ, மழ வந்துருச்சு! கொடியில துணி கெடக்கு, நீ அந்தப் பக்கத்த உருவு!