பூட்டு வைத்த தபால் பெட்டி

எங்கள் குடியிருப்பின் புதிய தபால் பெட்டிக்குப் பூட்டு வேண்டுமென்று கேட்டது யார்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்கு முன் மாடிப்படிக்குக் கீழே ஒரு மரப்பெட்டி இருந்தது. எல்லா வீட்டுத் தபாலும் அதில் ஒன்றாகக் கிடக்கும். பல்லி முட்டையும் கிடக்கும். கோயமுத்தூரே வளர்கிறது, நாமும் வளர வேண்டாமா என்றார் சங்கச் செயலாளர். வீட்டுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு என்று இரும்பில் செய்ய முடிவானது. கிழக்கு பார்த்து வைப்பதா, வடக்கு பார்த்தா என்பதற்கே தனிக் கூட்டம் நடந்தது. மழை உள்ளே இறங்குமா என்று கேட்க நினைத்தேன். அபசகுனமாகப் படுமோ என்று விட்டுவிட்டேன்.

பெட்டி வந்தது, சாவியும் வந்தது. யாரும் பூட்டவில்லை. பூட்டினால் அக்கம்பக்கத்தாரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். நான் பூட்டிய அன்று மேல்வீட்டு அக்கா படியிலேயே நின்றுவிட்டார்.

“ஏனுங்க அம்மணி, நகையெல்லாம் இதுக்குள்ளதான் வெச்சிருக்கீங்களா?”

“இல்லீங்க்கா, பூட்டு வேலை செய்யுதான்னு பாத்தேனுங்க.”

அன்று மாலையே திறந்துவிட்டேன்.

அக்கா கீழே போகும்போதெல்லாம் எங்கள் தபாலையும் எடுத்து வருவார். மரப்பெட்டிக் காலத்து வழக்கம் அது. கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவது மரியாதையில்லை. உட்கார்ந்து காப்பி குடித்த பிறகுதான் கொடுப்பார். நேரமில்லாத நாட்களில் எங்கள் தபால் அவர் வீட்டு டிவி மேல் காத்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மகனின் எல்.கே.ஜி. நேர்காணலுக்கு அட்டை வர வேண்டியிருந்தது. குறித்த நாளில் வராத பிள்ளைக்கு இடமில்லை என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அடுத்த தெருக் குழந்தைகளுக்கு வந்துவிட்டது. எங்கள் அறை காலி. அக்காவோ தங்கை மகள் சீர் விசேஷத்துக்குக் காங்கேயம் போயிருந்தார், தன் வீட்டை நன்றாகப் பூட்டிக்கொண்டு.

பள்ளிக்கு ஓடினேன்.

“அனுப்பிட்டமுங்களே,” என்றார் அலுவலகத்து அம்மா. “தேதியெல்லாம் அட்டையிலயே இருக்குதுங்க, பாத்துக்குங்க.”

செயலாளரிடம் சொல்லலாமா என்று கணவரைக் கேட்டேன். அக்கா மனம் சங்கடப்படும் என்றார். என் மனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு சாயங்காலம் அக்கா கச்சாயப் பலகாரப் பையோடு வந்தார். உட்கார்ந்தார். சீருக்கு வந்த தட்டுகள், வராத சம்பந்தி எல்லாம் சொல்லி முடித்துக் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் பைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்தார்.

“கெளம்புற அவசரத்துல பையில போட்டுட்டே போயிட்டேன் கண்ணு. நாளைக்குன்னு போட்டிருந்துச்சு. அதான் மறுசோத்து விருந்துக்குக்கூட நிக்காம பஸ் ஏறி வாரேன்.”

எனக்காக விருந்தை விட்டுவிட்டு வந்தவரிடம் என்ன கேட்பது? இன்னொரு காப்பி கொடுத்தேன்.

மகனுக்கு இடம் கிடைத்தது. இப்போது மகளின் முறை. அட்டை எந்த நாளும் வரலாம். வாசகர்களில் யாராவது அக்கம்பக்கத்தார் மனம் நோகாமல் தபால் பெட்டியைப் பூட்டியிருந்தால், என்ன சொல்லிப் பூட்டினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். என் வீட்டு முகவரிக்கு வேண்டாம். பத்திரிகைக்கே எழுதுங்கள்.