மருந்தோடு ஒரு சன்னல்

கவுண்ட்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கும் என் இனத்தாரே, நம்மிடம் எந்தக் கதையும் நேராக வராது. இதில் பாதியை எனக்குச் சொன்னது ஷெரன். மலேசியாவில், ஈப்போ கிளினிக்கில் பக்கத்துக் கவுண்ட்டர்க்காரி. அவள் அப்பா டாக்டர். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பொறாமையா என்று கேட்டால், ஆமாம்.

பம்ப் பாடம்

பிரேமா அக்கா தன் மூன்று வயது மகன் திவேனை இந்த மாதமும் மூச்சிழுப்போடு தூக்கி வந்தார். மூச்சு விடும்போது விலா உள்ளே போய் வந்தது. ஆவி மருந்து வைத்து அடங்கியதும், மூச்சில் இழுக்கும் மருந்துப் பம்பைக் குழாயில் மாட்டி எப்படிக் கொடுப்பது என்று மறுபடியும் காட்டினேன். போன மாதம் சொன்னதேதான், ஒரு சொல் மாறாமல். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சொன்ன மாரிதான் மிஸ் குடுக்குறேன். இவன் நெஞ்சுக்குத்தான் அது இன்னும் தெரியல."

வாசனை

நான் சாப்பிடப் போன நேரத்தில் ஷெரன் பையனைத் தூக்கியிருக்கிறாள். சட்டையில் என்ன வாசனை என்று கேட்டாளாம். சாம்பிராணி. சளி பிடிக்கக் கூடாதென்று தினமும் குளிப்பாட்டியதும் புகையில் காட்டுகிறார் பிரேமா அக்கா. நானும் அவனைத் தூக்கியவள்தான். எனக்கு அது எங்கள் வீட்டு வாசனை. கேட்கத் தோன்றவே இல்லை. எங்கள் புகையையும் இவளேதான் கண்டுபிடிக்க வேண்டுமா? அவளோ சாதாரணமாகச் சொன்னாள்: "நீ வளந்த இடம்லா, உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

வேறு அறை

நாங்கள் சொன்னதும் பிரேமா அக்கா புகையை நிறுத்தினார். இழுப்பு குறைந்தது, போகவில்லை. ஷெரன் அவரிடம் ஆறுதலாக, தன் மகளுக்கும் இப்படித்தான் இருந்தது, வேறு அறைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது என்றாள். வேறு அறை! எனக்கே வயிறு எரிந்தது. ரப்பர் தோட்டத்தில் கொடுத்திருந்த வீடு போன பிறகு பிரேமா அக்கா குடும்பம் மலிவு விலை அடுக்குமாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறது. மேல் வீட்டுக் குளியலறை ஒழுகி, சுவரெல்லாம் பூசணம். சாம்பிராணி அந்த நாற்றத்துக்கும் சேர்த்துத்தான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்ப மருந்தோட ஒரு சன்னலையும் எழுதிக் குடுங்க மிஸ்."

இதையாவது ஷெரனுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அறைக்குப் போனேன். சன்னல் இருக்கிறது. வாடகைக்கு விட்டவர் பலகைத் தடுப்பு போட்டு அறையை இரண்டாக்கியதில் அது அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கம் அவருடைய பழைய சாமான்கள் அட்டைப் பெட்டிகளில் இருக்கின்றன.

இந்த வேலைக்கு வந்து யார் யார்மீதோ பொறாமைப்பட்டிருக்கிறேன், அட்டைப் பெட்டிகள்மீது பொறாமைப்பட்டது இதுதான் முதல் தடவை.