வாடைக்கு நிற்கும் மரங்கள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. நான் பெற்றது ஐந்து; தங்கை மௌத்தாகி விட்டுப்போன பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து ஏழு பேரை ஆளாக்கினேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கம் முடிய அசர் தொழுகை நேரம் வந்துவிடும். ஆனாலும் இதை யாரையும் கொண்டு எழுதுவிக்கவில்லை. நானேதான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் வீடு என்றால் அது பெண்ணுக்கு. உம்மா தந்த வளவில் நான் கட்டிய வீட்டைக் கடைசி மகளுக்குக் கொடுத்தேன். மருமகன் எங்கள் வீட்டுக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல். மகளுக்கு ஒரே ஒரு பெண். இந்த வீடு அவளுக்குப் போக வேண்டும், அதை வைத்துத்தான் அவளுக்குக் கலியாணம். முந்தி எங்களுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு வளவுகள் இருந்தன. இப்போது எங்கள் வேலிதான் கடைசி வேலி.

அந்த வேலிக்கு வெளியே, என் உம்மா காலத்திலிருந்தே ஒரு தாழம்பற்றை நின்றது. அதற்கு முன்னால் மணல் முழுக்க அடம்பன் கொடி படர்ந்து கிடந்தது.

கடல் ஊருக்குள் ஏறிய அந்தக் காலைக்குப் பிறகு, எந்த மரம் பிழைக்கிறது என்று வளவு வளவாகப் பார்த்தவள் நான். மாமரம் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்து செத்தது. முருங்கை அன்றைக்கே விழுந்தது. பூவரசு முறிந்த இடத்திலேயே இலை விட்டது. செத்துவிட்டது என்று புன்னையை வெட்டக் கோடரி எடுத்தோம், அடியில் தளிர் இருந்தது. தாழை கழுத்துவரை மணலுக்குள் புதைந்து கிடந்தது. பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. இவ்வளவும் தெரிந்த நான்தான் அதைச் செய்தேன்.

போன மாரிக்கு முந்தி, பேத்திக்குப் பேசி வந்த இடத்துப் பெண்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் உம்மா யாரிடமோ சொன்னாராம்: "வீடு நல்ல வீடுதான், கடல்பக்கம் ஒரே பத்தைக்காடு, பாம்பு கிடக்கும் எண்டு கேள்வி." அந்தச் சொல் எனக்குக் குத்தியது. என் வீட்டைப் பார்த்து இதுவரை ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை.

மருமகன் விதைப்புக்காக வரிப்பத்தான்சேனைப் பக்கத்து வயலில் தங்கியிருந்தார். மகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு மூத்தவள் வீட்டுக்குப் போயிருந்தாள். மருமகனின் வயலில் வேலை செய்யும் ஆளைக் கூப்பிட்டுப் பற்றையைக் காட்டினேன்.

"முதலாளிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டுறனே உம்மா."

"இது ஆர்ட வளவு? முதலாளிட வளவா, என்ட வளவா?"

அவன் கத்தியை எடுத்தான். இரண்டு நாளில் தாழை போனது, கொடியையும் வாரி எடுத்தான். நான் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பித்தேன். காரைதீவிலிருந்து மீன் கொண்டுவருகிறவள் வாசலில் கூடையை இறக்கிவிட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், வாய் மட்டும் பத்து வயது மூத்தது.

"என்னக்கா, கடலுக்குப் பொண்ணு காட்டப்போறீங்களா? வெள்ளையெல்லாம் அடிச்சி வச்சிரிக்கிறீங்க!"

"மீனை நிறுடி."

"நிறுக்கிறன். வாடைக் காத்து வரட்டும், கடல் வந்து தேத்தண்ணி கேக்கும் உங்களுட்ட."

வந்த பெண்களுக்கு வீடு பிடித்தது. மாப்பிள்ளையின் உம்மா விறாந்தையில் இருந்து, "நல்ல காத்து வருகுது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மருமகன் வயலால் வந்து வெளியே நின்று வெகுநேரம் பார்த்தார். மகள் அவரைத்தான் பிடித்தாள். "உங்கட ஆள்தானே வெட்டின? ஏன் வெட்டச் சொன்னீங்க?" அவர் என் பக்கம் திரும்பினார். நான் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வெட்டியவன் அவரிடம் எல்லாம் சொல்லியிருப்பான், அது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து மருமகன், மாமி வீட்டில் மாமியின் தலையைக் குனியவிடமாட்டான்.

"ஓம். நான்தான் சொன்னன்" என்றார்.

நான் தலையை நிமிர்த்தவில்லை.

வாடை பிறந்தது. ஒருநாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டுப் பின்கதவைத் திறந்தால், வேலிக் கட்டைகள் கம்பியில் தொங்கிக்கொண்டு நின்றன. கீழே மண் இல்லை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணால் அளந்தேன். அடுப்பெரியும் குசினியிலிருந்து மண் உடைந்த இடம்வரை நடந்தால் இருபது எட்டுத்தான். கிணற்றில் உப்பு ஏறி, அன்று போட்ட தேத்தண்ணீர் கரித்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்தி போகாமல் இருக்குமா? மாப்பிள்ளையின் உம்மா ஆள் அனுப்பிச் சொன்னார்: "அடுத்த மாரியும் கழியட்டும். வீடு நிண்டா கதைப்பம்."

மகள் அதற்கும் புருஷனைத்தான் ஏசினாள். "உங்கட புத்தியால என்ட புள்ளைட வாழ்வு போகப்போகுது." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் அவருக்கு இன்னும் ஒரு அகப்பை கறி ஊற்றினேன். வெட்டச் சொன்னது நான் என்று சொல்லவில்லை.

காற்று விழுந்ததும், மாரித் தண்ணீர் மண்ணில் ஊறிக் கிடக்கும்போதே கன்று வைக்க வேண்டும் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். மகள் சவுக்கு என்றாள், அதுதான் கெதியாக வளருமாம். மீன்காரி சிரித்தாள்.

"புள்ள, சவுக்கு கெதியாத்தான் வளரும். ஒரு புயல் வந்தா வேரோட எழும்பி உங்கட கூரையிலதான் படுக்கும்."

அது சரிதான். உயர்ந்த மரத்தை முன்னால் நிறுத்தக்கூடாது. கடலுக்கு முதலில் முகம் கொடுக்க அடம்பன் கொடி. அதன் கணுக்களை மணலுக்குள் புதைத்தோம். அடுத்து தாழை. மருமகன் ஆற்றங்கரையில் தொங்கு வேரோடு வெட்டிவந்து சரித்து நட்டார். அதற்குப் பின்னால் கை ஆழத்துக்கு, கிளையில் வெட்டிய பூவரசம் போத்துகள், வெட்டுவாய் காயாமல் உச்சியில் சாணி பூசி. வீட்டோரம் புன்னை. புன்னை வளரப் பேத்தியின் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், இருந்தாலும் அது வேண்டும். கிணறு கரிப்பதால், கோடை முழுக்க மருமகன் தெருக்குழாயில் கலன் கலனாகப் பிடித்து வந்து ஊற்றினார். நான் ஒவ்வொரு கன்றாகக் காட்டினேன், அவர் ஊற்றினார். 

இப்போது காற்று மறுபடி வாடையாகத் திரும்பிவிட்டது. நேற்று ஒரு பூவரசம் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தேன், உப்பு. கொடி எங்கள் வளவின் அகலத்துக்குப் படர்ந்திருக்கிறது, தாழை முழங்கால் உயரம்தான். ஒன்றின் அடியில் மணலைக் கிளறிப் பார்த்தேன். வேர் என் சுண்டுவிரல் அளவு. அந்தச் சுண்டுவிரல்களை நம்பித்தான் வீடு நிற்கிறது. ஸுஜூதில் நெற்றியை வைத்தால் தரை இடிப்பது கேட்கிறது. கடலா, என் நெஞ்சா என்று தெரியவில்லை. யா அல்லாஹ், என்னை எடுத்துக்கொள், அந்த இருபது எட்டை விட்டுவிடு என்று கேட்கிறேன். ஏழு பேரை வளர்த்தவள், கதவுக் கொண்டியில் காற்று தட்டினால் திடுக்கிடுகிறேன்.

கடல் என்ன செய்யும் என்று என்னால் சொல்ல முடியாது. வாடை முடியும்வரை நான் இருப்பேனா என்றும் தெரியாது. நான் செய்ததை மட்டும் சொல்ல முடியும். வாயால் சொல்ல என் பெருமை விடவில்லை, அதனால், என் பேத்தி, உன் கொப்பியில் எழுதினேன்.

இஞ்ச வா புள்ள. இதைப் பிடி. என்ட எழுத்து கோணலாத்தான் இரிக்கும், சிரிக்காம வாசி. உன்ட உம்மா குசினிக்க நிக்கிறா. வாப்பா வெளிய தாழைக்குத் தென்னங்கிடுகு மறைப்புக் கட்டிக்கொண்டிரிக்கிறார். யன்னலத் திறந்து வை. காத்துச் சத்தத்துக்கு மேலால, ரெண்டு பேருக்கும் கேக்கிற மாதிரி முதல் வரியில இரிந்து வாசி.