வெண்டல் முறுக்கிய போல்ட்டு

எங்கள் ஊரில் தொள்ளாயிரம் பேர் இருக்கிறோம். அதில் எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரை வெண்டல் ஸ்டுக்கி நம்பமாட்டார். மிச்சமிருக்கும் ஒருவர் அவரேதான்.

அமெரிக்காவில், இண்டியானாவின் சோளக்காட்டுச் சாலைகளில் முப்பத்தோரு வருஷம் தபால் போட்டு ஓய்வு பெற்றவர். ஒரு கடிதம் மாற்றிப் போட்டதில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சந்தேகம் இருக்கிறதே, அப்பப்பா! கடையில் கட்டிக் கொடுத்த பன்றி இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி நிறுப்பார். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் ஒரு வசனத்தைச் சொன்னால், மனுஷன் சரியாகத்தான் சொல்கிறாரா என்று மடியில் பைபிளைப் புரட்டிப் பார்ப்பார். "கல்யாணத்தன்னைக்கு நான் சம்மதம்னு சொன்னேன். 'நெஜமாவா?'ன்னு கேட்டாருய்யா, அத்தனை பேர் முன்னாடி" என்று அவர் மனைவி நோரீன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு சிநேகிதன் வாய்த்தான். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சு, ஆர்லிஸ் ப்ரூட். தானியக் கிடங்குக்குப் பின்னால் ஒரே ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். வெண்டலின் வண்டிகளை முப்பது வருஷமாக அவன்தான் பார்த்தான். ஆயில் மாற்ற விடும்போதெல்லாம் வெண்டல் பழைய ஃபில்டரில் சாக்பீஸால் ரகசியமாக ஒரு கோடு போட்டுவைப்பார். மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்லிவிட்டால்? ஆர்லிஸுக்கு இது தெரியும். ஒருமுறை புது ஃபில்டரில் அவனே சாக்பீஸால் ஒரு சிரிக்கிற மூஞ்சியை வரைந்து மாட்டி அனுப்பினான். வெண்டலுக்கு ஒரு வாரம் வரை கோபம் தணியவில்லை.

வெண்டலின் கார் எழுபத்தேழாம் வருஷத்து மாடல். படகு நீளத்துக்கு நாலு கதவு. புதிதாக வாங்கியதிலிருந்து ஒரே கை. இருபது வருஷம் ஓடிய பிறகு, தொண்ணூற்றேழு இலையுதிர் காலத்தில், முன்பக்கம் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் டொக். ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் டொக் டொக்.

ஆர்லிஸ் கீழே படுத்துப் பார்த்தான். "புஷ் போச்சுடா. சக்கரத்தைத் தாங்குற கை இருக்குல்ல, அது ஆடுற எடத்துல இருக்கிற ரப்பர். இருபது வருஷம் தாங்குனதே பெருசு."

"பழசை என் கையில குடுத்துடணும்."

"தெரியும்டா. டப்பால போட்டு, ரிப்பன் கட்டித் தரேன், போதுமா?"

இரண்டு நாள் வேலை. பழைய ரப்பரைப் பிரஸ் வைத்து நெட்டி வெளியே தள்ளி, புதியதை ஏற்றி, வண்டியை அனுப்பினான். சத்தம் அடியோடு போயிற்று. வேறு எவனாக இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். வெண்டலோ அந்தச் சனிக்கிழமையே வீட்டு ஷெட்டில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார். ஆர்லிஸ் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் தளர்த்தி, வண்டியோடு வந்த பழுதுபார்க்கும் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்குத் தன் கையால் மறுபடி முறுக்கினார். அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

ஏழு மாதம்கூட ஆகவில்லை. மே மாதம், தண்டவாளத்தின் மேல் மறுபடி டொக்.

வெண்டலுக்கு முகம் சிவந்துவிட்டது. இருபது வருஷம் உழைத்த ரப்பருக்குப் பதில் ஏழு மாத ரப்பரா? சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். ரப்பர் நார்நாராகக் கிழிந்து தொங்கியது. அவருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தார். உடைசல் வண்டியிலிருந்து எடுத்த பழைய ரப்பரைத் துடைத்துப் போட்டிருக்கிறான்! முப்பது வருஷம் கோடு போட்டது வீண்போகவில்லை!

நேரே ஆர்லிஸிடம் போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. க்வென் நடத்தும் காபிக் கடையில் காலை ஆறு மணிக்கு ஊர்ப் பெரிய தலைகளெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்து முட்டையும், குழம்பு ஊற்றிய பன் மாதிரியான பிஸ்கட்டும் சாப்பிடுவார்கள். அங்கே போய்ச் சொன்னார். அந்தக் கவுண்டரில் ஒருவனைப் பற்றி என்ன பேசுகிறார்களோ அதுதான் எங்கள் ஊரில் அவன் பிழைப்பு.

"பழைய ரப்பரா? ஆர்லிஸா?" என்றான் எல்மோ டீட்ஸ். மூன்று லாரி வைத்திருக்கிறவன். மூன்றும் ஆர்லிஸிடம்தான் பழுது பார்க்கப் போகும்.

"கண்ணால பாத்தேன்யா. எனக்கே இப்படின்னா உனக்கு என்னென்ன பண்ணியிருப்பான், யோசிச்சுப் பாரு."

எல்மோ யோசித்தான். ஊரும் யோசித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஜூன் மாதம் முடிவதற்குள் ஆர்லிஸின் ஷெட்டில் வண்டி நிற்கிற நாளை விட நிற்காத நாள் அதிகமாகிவிட்டது. ஜனங்கள் பதினாலு மைல் போய் நெடுஞ்சாலை ஓரக் கடையில் விட்டார்கள். இப்படியே குளிர்காலம் வரை போனால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்று ஆர்லிஸ் தன் மனைவியிடம் சொன்னது நோரீன் காதுக்கு வந்தது. நோரீன் அன்றைக்கு வெண்டலோடு பேசவே இல்லை.

மறுநாள் ஆர்லிஸே வெண்டல் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"வண்டியக் கொண்டா. ரெண்டு பேரும் சேந்து பாப்போம். நான் தப்புன்னா அந்தக் கவுண்டர்லயே வந்து சொல்றேன்."

வெண்டல் ஓட்டிக்கொண்டு போனார், இவன் என்ன தந்திரம் பண்ணப் போகிறானோ என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே. இரண்டு கிழவர்களும் வண்டிக்கு அடியில் தோளோடு தோள் படுத்தார்கள். ஆர்லிஸ் விளக்கைப் பிடித்தான். ஒரு நட்டைத் தொட்டுக் காட்டினான்.

"இதோ பாரு. முறுக்கி முடிச்சதும் நட்டுலருந்து சட்டம் வரைக்கும் ஒரே கோடா மஞ்சள் பெயிண்ட் வைப்பேன். யாருக்கும் சொன்னதில்ல. பாதி இங்க இருக்கு, பாதி அங்க போயிருக்கு. யாரு தொட்டது?"

வெண்டல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டேய், ஒன்னத்தான் கேக்குறேன். யாரு தொட்டது?"

"நாந்தான்... சும்மா சரிபாத்தேன். புத்தகத்துல இருக்கிற அளவுக்குத்தான் முறுக்கினேன்."

"சக்கரம் தரையில இருந்துச்சா, தொங்கிட்டு இருந்துச்சா?"

"ஸ்டாண்டுல. தொங்கிட்டுதான். ஏன்?"

ஆர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டான். "அந்த ரப்பர் சுத்தாது வெண்டல். நடுக் குழாயோட ஒட்டியிருக்கும். முறுக்கேறி முறுக்கு விடும், அவ்வளவுதான். வண்டி தன் எடையில தரையில நிக்கும்போதுதான் கடைசி முறுக்கு வைக்கணும். நீ தொங்கும்போது முறுக்கினா, எறக்கி வெச்ச நிமிஷத்துலருந்து அது ராப்பகலா முறுக்கிக்கிட்டே கெடக்கும். கிழியாம என்ன பண்ணும்? ஒன் புத்தகத்துல அதே பக்கத்துல அடுத்த வரியில போட்டிருக்கும், படிச்சியா?"

படிக்கவில்லை. அளவை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தார். அந்தக் கிழிசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார் வெண்டல். ஒரு நல்ல மனுஷனை நாசம் பண்ணிவிட்டோமே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எங்க சொன்னியோ அங்க போய்ச் சொல்லு," என்றான் ஆர்லிஸ். கத்தக்கூட இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வெண்டல் கிழிந்த ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு போய், உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தப்பு என் மேல்தான், ஆர்லிஸ் மேல் துளிகூட இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

எல்மோ முட்கரண்டியைக் கீழே வைத்தான்.

"நேத்து மத்தியானம் ரெண்டு மணி நேரம் அவன் ஷெட்டுல இருந்தியாமே? என்ன குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கலய்யா! சத்தியமா!"

"ஆயுசுக்கும் ஆயில் ஓசியா?" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"இது ஒன் வண்டி ரப்பர்தான்னு எப்பிடி நம்பறது?" எல்மோ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கோடு கீடு போட்டு வெச்சிருக்கியா?"

வெண்டல் க்வென்னைப் பார்த்தார். அவள் காபியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "விடு கண்ணு. கத்தினவன் திடீர்னு அடங்கினா, எவனோ வாயில எதையோ வெச்சுட்டான்னு அர்த்தம். இதே ஸ்டூல்ல ஒக்காந்து நீதான எங்களுக்குச் சொன்ன?"

அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பார். காபி குடிக்காமல் வெளியே வந்து, நேரே தானியக் கிடங்குக்குப் பின்னால் போனார்.

ஷெட்டில் வண்டி எதுவும் இல்லை. ஆர்லிஸ் சும்மா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"சொன்னியா?"

"சொன்னேன்டா. எல்லார் முன்னாடியும். தப்பு என்னோடதுதான்னு ரெண்டு வாட்டி சொன்னேன்."

ஆர்லிஸ் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தான். முப்பது வருஷத்தில் ஒருநாளும் பார்க்காத மாதிரி வெண்டலின் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"நெஜமாவா?" என்றான்.

"நெஜமாத்தான்டா."

"இரு, க்வென்னைக் கேட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டு, ஆர்லிஸ் சுவரில் இருந்த போனை எடுத்துக் காபிக் கடை நம்பரைச் சுழற்றினான்.