ரோடா கதவைத் திறந்தாளா?

கென்யாவின் கிசுமு நகரத்தில், கொண்டெலே சந்தைக்குப் பின்புறம், பெரெஸ் அஜ்வாங்கின் முடி பின்னும் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அங்கே யாராவது தும்மினால் இங்கே ஊசி நழுவும். அதனால் நான் சொல்லப்போவதில் பாதியைக் காதால் கேட்டேன். மீதியை எட்டிப் பார்த்தேன்.

பெரெஸ் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அத்தையிடம் பின்னல் பழகி, நகரத்துக்கு வந்து, இரண்டு பையன்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். கை வேகம். வாய் அதைவிட வேகம். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

சனிக்கிழமை பள்ளிப் பெண்களின் நாள். தலையோடு ஒட்டி வரிவரியாகப் போடும் வாரத்துக்கான வரிப்பின்னலுக்காக வந்து உட்காருவார்கள். எல்லோரும் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்க, லென்சர் என்ற பெண் மட்டும் ஒரு நாள் அட்டை கிழிந்த நாவலோடு வந்தாள். பதினாறு வயது. கேட்டால்கூடப் பதில் சொல்லாத ரகம்.

"தலையத் தூக்குடி. புஸ்தகத்துக்குப் பின்னல் போடறேனா, உனக்குப் போடறேனா?" என்றாள் பெரெஸ்.

லென்சர் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டு மேலும் படித்தாள்.

"அப்படி என்னடி இருக்கு அதுல?"

"ஒண்ணுமில்லக்கா. கதை."

"ஒண்ணுமில்லாததுக்கா நீ மூச்சுகூட விடாம உக்காந்திருக்க? சொல்லுடி."

லென்சர் முனகலாகத் தொடங்கினாள். ஏரிக்கரையில் டீக்கடை நடத்தும் ரோடா. அவளை விட்டுவிட்டு நைரோபிக்கு ஓடிப்போன கணவன் ஒபுரா. எட்டு வருஷம் கழித்து, மழையில் நனைந்துகொண்டு, அவன் வந்து கதவைத் தட்டுகிறான். அதோடு நிறுத்தி, "இதுவரைக்கும்தான் படிச்சிருக்கேன்" என்றாள்.

பெரெஸின் விரல்கள் நின்றுவிட்டன. "திறந்தாளா?"

"தெரியாதுக்கா."

"இப்படிப் பாதியில விட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வருமா? அடுத்த வாரம் முடிவோட வா. இல்லேன்னா பாதித் தலையோடதான் அனுப்புவேன்."

அடுத்த சனிக்கிழமை லென்சர் உட்கார்வதற்கு முன்பே கடை அமைதியானது. ரோடா கதவைத் திறக்கவில்லையாம். மறுநாள் டீக்கடையை விற்று ஒரு படகு வாங்கி, தீவுகளுக்கு ஆளேற்றிப் போக ஆரம்பித்தாளாம். பெரெஸ் சீப்பால் மேசையைத் தட்டிக் கூவினாள். அன்று மாலைக்குள் மீன் விற்பவர்களுக்கும் தக்காளி விற்பவர்களுக்கும் ரோடாவின் படகு தெரிந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துதான் வினை வந்தது. குவின்டர் என்ற வாயாடிப் பெண் அதே புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துப் படித்துவிட்டு வந்தாள்.

"படகா? எந்தப் படகு? அவ கதவைத் திறந்து, துண்டு குடுத்து, மீன் பொரிச்சுப் போடறாக்கா. அத்தோட புஸ்தகம் முடிஞ்சிடுது."

பெரெஸ் லென்சரைப் பார்த்தாள். லென்சர் கால் விரல்களைப் பார்த்தாள்.

"லென்சர், சந்தை முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்டி நான்!"

"எனக்கு அந்த முடிவு பிடிக்கலக்கா." தடுப்புக்கு இந்தப் பக்கம் நானே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவு சன்னமான குரல். "எட்டு வருஷம் தனியா நின்னவ, ஒரே மழைக்கு இறங்கிப் போயிடுவாளா? அதான் நானே மாத்திட்டேன்."

திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். பெரெஸோ சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "எழுதினவங்களோடயே சண்டை போட்டிருக்கியேடி!"

குவின்டருக்கு அது பொறுக்கவில்லை. "அப்போ எனக்கும் ஒரு முடிவு இருக்கு. ஒபுரா நல்லவன்தான். ஜெயில்ல இருந்தான், யாருக்கும் தெரியாது."

"எந்தப் பக்கத்துல இருக்கு அது?" என்று கேட்டாள் பெரெஸ்.

"எங்கேயும் இல்ல. என் முடிவு."

அன்று மதியம் முழுக்கச் சண்டை. பின்னல் போட வந்த அம்மாமார்கூடக் கட்சி பிரிந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கடையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. நாவலை முடித்துவிட்டு வருபவள் கதையை ஒப்பித்தால் பெரெஸ் கொட்டாவி விடுவாள். "அது அவங்க எழுதினது. உன்னுது எங்கே?" என்பாள். ஒருத்தி ரோடாவின் கடையைப் படமாக வரைந்து கண்ணாடிப் பக்கத்தில் ஒட்டினாள். இன்னொருத்தி ஒபுராவின் தாய் பாடுவதாக ஒரு புலம்பல் பாட்டுக் கட்டினாள்; அதைக் கேட்டு நானே மிஷினை நிறுத்தினேன். யார் முதலில் புது முடிவு சொல்வது என்ற போட்டியில் பெண்கள் வீட்டு மூலைகளில் ஒளிந்து படித்தார்கள். படியென்று யாரும் அவர்களை விரட்டவில்லை.

பள்ளி விடுமுறையில் சந்துக்குள் ஒபுராவுக்கு விசாரணை நடந்தது. ரோடாவுக்காக லென்சர் வழக்காடினாள், அந்த முனகல் லென்சர்தான். குரலை உயர்த்தியே பேசினாள். வாடகை பைக் ஓட்டும் ஓமோலோவைப் பிடித்து ஒபுராவாக நிறுத்தியிருந்தார்கள்.

"தங்கச்சி, எனக்குக் கல்யாணமே ஆகலியே!" என்று அவன் கெஞ்சினான்.

"ஆகறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்கண்ணே" என்றாள் லென்சர்.

ஒரு வாரம் கடைக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும் என்று தீர்ப்பானது. ஓமோலோ சுமந்தான். மூன்றாவது நாள், புத்தகத்தைத் தனக்கும் ஒருமுறை தரச் சொன்னான்.

ஒரு திங்கட்கிழமை, ஆளில்லாத நேரத்தில், தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். பெரெஸ் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, உதட்டை அசைத்து, விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு ரோடாவின் கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். டீ ஆறியிருந்தது.

"லென்சர், குவின்டர் ரெண்டு பேர் சொன்னதும் தப்பு" என்றாள் என்னைப் பார்க்காமலே. "ரோடா கதவைத் திறப்பா. கடைச் சாவிய அவன் கையில குடுப்பா. 'எட்டு வருஷம் நான் டீ போட்டாச்சு, இனி நீ போடு'ன்னு சொல்லிட்டு ஊர் சுத்தக் கிளம்பிடுவா."

"எங்கே போவா?"

"படிச்சு முடிச்சுட்டுச் சொல்றேன். தொணதொணக்காம உன் வேலையப் பாரு."

இப்போது லென்சர் கல்லூரியில் இருக்கிறாள். நூலகத்து அம்மாளே மாதம் ஒரு பெட்டி புத்தகம் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போகிறார். போன சனிக்கிழமை குவின்டரின் தாய் வந்து சத்தம் போட்டாள். மகள் நாள் முழுக்கப் பிடிக்கும் ஆகப் பொடியான பின்னல்தான் வேண்டும் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாளாம், வீட்டில் ஒரு வேலையும் நடக்கவில்லையாம்.

"இன்னும் ரெண்டு அத்தியாயம்தான்மா" என்றாள் குவின்டர், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.